கல்லறைகளும் காடும்: கண்டியில் ஒரு காலை நடை

கண்டி நகரத்தின் போர் நினைவிடங்களையும் மரஞ்செடி உள்ள இடங்களையும் சேர்த்து அரை நாளில் நடத்திக் காட்டும் ஒரு சுற்றுலாவுக்குப் போன மாதம் போயிருந்தேன். ஆளுக்கு 3,500 ரூபா. பேராதனைப் பூங்கா நுழைவுச் சீட்டும் த்ரீவீல் காசும் தனி. நடத்துபவர் கண்டியைச் சேர்ந்த ஒரு சிங்களத் தம்பி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கம்பனி, விளம்பரப் பலகை எதுவும் இல்லை. தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வருகிறார்கள். எனக்குச் சொன்னவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் அண்ணன் மகள். "அத்தை, நீங்க முப்பது வருஷமா வகுப்பில சொன்னதை இவர் காலால நடந்து சொல்றார், வாங்க" என்றாள். சரி, அவளோடு போனேன்.

போகலாமா வேண்டாமா என்பதுதான் உங்களுக்கு வேண்டுமென்றால், போங்கள். கட்டாயம் போங்கள். ஆனால் மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கு அதில் ஒரு பெரிய குறை தெரியும். அதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு தலதா மாளிகைக்கு முன்னால் இருக்கும் மகா மளுவையில் கூடினோம். எங்களோடு கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பமும், நெதர்லாந்திலிருந்து வந்த வயதான கணவன் மனைவியும். அந்த நேரத்தில் வாகன இரைச்சல் இல்லை, பூக்காரர்கள் தாமரையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் நிறுத்தம் கெப்பெட்டிப்பொல திசாவையின் (திசாவை என்றால் மாகாணத் தலைவர்) நினைவுச் சின்னம். பிரித்தானியருக்கு எதிரான 1817-18 கிளர்ச்சியை அடக்கப் போய், பிறகு அந்த மக்கள் பக்கமே சேர்ந்துகொண்டவர். 1818 நவம்பர் 26ஆம் திகதி போகம்பரையில் அவருடைய தலையை வெட்டினார்கள். மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்கு எடுத்துக்கொண்டு போய் எடின்பரோவில் வைத்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் அது திரும்பி வந்து இங்கே வைக்கப்பட்டது. இதை அந்தத் தம்பி குரலை உயர்த்தாமல், வீரவசனம் பேசாமல் சொன்னார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அதே இடத்தில் நின்று 1998 ஜனவரி 25ஆம் திகதி மாளிகை வாசலில் வெடித்த குண்டைப் பற்றியும் சொன்னார். இப்படியான ஒரு சுற்றுலாவில் அதைச் சொல்லாமல் விட முடியாது. எப்படிச் சொல்கிறார் என்பதைத்தான் கவனித்தேன். யார் செய்தது, எத்தனை உயிர் போனது, எந்தப் பகுதி இடிந்தது என்று நேராகச் சொன்னார். சொல்லும்போது எங்கள் இரண்டு பேர் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த தமிழர்களுக்கு அந்தக் கிழமை எப்படிப் போனது என்பது தெரியும். அதனால் அந்தப் பக்குவத்தின் மதிப்பும் தெரியும்.

அப்புறம் வாவிக்கரை. 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டத் தொடங்கிய வாவி இது. நெல் வயலாக இருந்த இடத்தை அணை கட்டி நீராக்கினான். கரையோர மதில் மேகம் போல வளைந்து வளைந்து போகும், அதில் ஒரு பகுதி முடியவே இல்லை. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டியைப் பிரித்தானியரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானதும் நாடு போய், அவன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சத்தில் வந்த கண்டியின் கடைசி அரசன் வேலூர்க் கோட்டையில் கண் மூடினான் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் வாவியில் அந்தத் தம்பி பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. அங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

அங்கிருந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் பக்கமாக மேடேறிப் போனால் கரிசன் மயானம். மாளிகைக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போகும் நம் ஆட்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள். 1817இல் பிரித்தானியப் படைக்காகத் தொடங்கியது. 1870களில் மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு காடு பிடித்துக் கிடந்ததை 1990களின் கடைசியில்தான் துப்புரவாக்கி எடுத்தார்கள். இப்போது புல் வெட்டி, பூச்செடி வைத்து, அழகாக இருக்கிறது. அங்கே ஒரு பராமரிப்பாளர் இருக்கிறார். கட்டணம் இல்லை, விரும்பினால் உண்டியலில் போடலாம். போடுங்கள், அந்தப் புல் சும்மா வெட்டுப்படவில்லை.

கல் ஒவ்வொன்றையும் வாசித்துக்கொண்டு நடந்தால் ஒன்று விளங்கும். இங்கே கிடப்பவர்களில் போரில் செத்தவர்கள் குறைவு. வாந்திபேதியும் காய்ச்சலும்தான் கொண்டுபோயிருக்கிறது. இருபதுகளில் இறந்த ஆண்கள், பிள்ளைப் பேற்றில் போன பெண்கள், இரண்டு வயது, மூன்று வயதுக் குழந்தைகள். 1815 ஒப்பந்தத்துக்குப் பின்னணியில் நின்று காரியம் பார்த்த பிரித்தானிய அதிகாரி ஜோன் டொயிலி இங்கேதான் இருக்கிறார், 1824இல் இறந்தவர். 1856இல் காட்டு யானை அடித்துச் செத்த ஜோன் ரொபர்ட்சன் இங்கே இருக்கிறார். எல்லோரும் போட்டோ எடுப்பது அந்தக் கல்லடியில்தான். கோப்பித் தோட்டத் துரைமார் சிலரும் இருக்கிறார்கள்.

அங்கேதான் எனக்கு முதல் உறுத்தல். அந்தத் துரைமாரைப் பற்றிச் சொல்லும்போது "காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள்" என்று எங்கள் தம்பி சொன்னார். கையில் கொடுத்த சிங்கள, ஆங்கிலத் தாளிலும் அப்படித்தான் இருந்தது. அழித்தது யாருடைய கை? 1820களில் தொடங்கி தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதை வழியாக மாத்தளை வரை நடந்து வந்தவர்களுடைய கை. இங்கே துரையின் குழந்தையைக் கொண்டுபோன அதே வாந்திபேதிதான் அந்தப் பாதை நெடுக நம்முடைய ஆட்களையும் கொண்டுபோனது. துரையின் குழந்தைக்குக் கல் இருக்கிறது, கல்லில் பெயரும் வயதும் இருக்கின்றன. அதைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை. ஒரு குழந்தைக்குக் கல் வைத்தவர்களைப் பார்த்து என்ன பொறாமை? ஆனால் அடுத்த பக்கத்தையும் சொல்லாமல் இந்தப் பக்கத்தை மட்டும் சொன்னால் கதை பாதிதான்.

நான் அதைத் தம்பியிடம் சொன்னேன். கோபமாக அல்ல, ஒரு டீச்சர் சொல்லுவது போலத்தான். அவர் நின்று கேட்டார். "டீச்சர், இது எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை" என்றார் சிங்களத்தில். அண்ணன் மகள் மீதியைச் சொன்னாள். 2023இல் மலையகம் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களைப் பற்றியும் சொன்னாள். அவர் சின்னக் கொப்பி ஒன்றில் குறித்துக்கொண்டார்.

உடவத்தைக் காடு அடுத்தது. நகரத்தின் தலைமாட்டில் 100 ஹெக்டயருக்குக் கொஞ்சம் அதிகமாக ஒரு காடு இன்னும் இருக்கிறது என்பதே ஒரு அதிசயம். அரசர் காலத்தில் அரண்மனைக்கு மேலே இருந்த தோட்டம் அது. பொது ஆட்களுக்கு அனுமதி இல்லை. 1856இல் ஒதுக்குக் காடாக்கினார்கள், 1938இல் சரணாலயமாக்கினார்கள். உள்ளே போகும் பெரிய பாதைக்கு 1830களின் ஆளுநர் வில்மட் ஹோட்டனின் மனைவியின் பெயர். குளம் ஒன்று இருக்கிறது, மரத்துக்கு மரம் தாவிப் போகும் பருத்த கொடிகள் இருக்கின்றன, குரங்குகள் இருக்கின்றன. காட்டைப் பற்றித் தம்பிக்கு நன்றாகத் தெரிகிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட பெரு பல்சம் மரம் எப்படிப் பரவி உள்ளூர்ச் செடிகளை முளைக்க விடாமல் செய்கிறது என்று குனிந்து நாற்றுகளைத் தொட்டுக் காட்டினார். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் அந்தக் குட்டிச் செடிகள்தான். மேலே பார்த்தால் பச்சை, கீழே பார்த்தால் வேறு கதை.

இந்தப் பகுதியில் நடை வேகம் கூடிவிட்டது. ஏற்றம், இறக்கம், மழை பெய்த ஈரம். நெதர்லாந்து அம்மாவுக்கு மூட்டு வலி. இரண்டு இடத்தில் உட்கார வேண்டி வந்தது. வயதானவர்கள் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் இதைச் சின்ன வட்டமாகக் குறைக்க வேண்டும். அட்டை கடிக்கும். சவர்க்காரத்தைக் காலில் நன்றாகத் தடவிக்கொண்டு போங்கள். கொழுந்து எடுக்கும் நம் பெண்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. காட்டை விட்டு இறங்கி ஒரு கடையில் பிளேன்டியும் உளுந்து வடையும். வடை சூடாக இருந்தது, அதுவும் கட்டணத்துக்குள் அடக்கம்.

பிறகு த்ரீவீல் பிடித்துப் பேராதனைப் பக்கமாக, பிட்டகந்தையில் இருக்கும் போர் மயானத்துக்கு. இந்த ஓரிடத்துக்காகவே 3,500 ரூபா கொடுக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் கண்டிக்கு என்ன வேலை என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. மலாயா கையை விட்டுப் போனதும் நேச நாடுகளுக்கு இறப்பருக்கு இலங்கைதான் கதி. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பால் வெட்டச் சொன்னார்கள், வெட்டியதும் நம்மவர்கள்தான். 1944 ஏப்ரலில் நேச நாடுகளின் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே கிழக்கு ஆபிரிக்கப் படையினர் வந்து இந்தத் தீவில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பர்மாவில் போய்ப் போரிட்ட 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷன் அதுதான். மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் கப்பலை 1944 பெப்ரவரி 12ஆம் திகதி ஜப்பான் நீர்மூழ்கி மாலைதீவுப் பக்கம் அடித்தபோது 1,200க்கும் அதிகமானோர் ஒரே தடவையில் செத்தார்கள். அதில் பெரும்பாலோர் ஆபிரிக்கப் படையினர், தாதிமாரும் இருந்தார்கள். இவ்வளவையும் தம்பி புல்லின் ஓரத்தில் நின்று, ஒரு தாளையும் பார்க்காமல் சொன்னார். பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் நான் கடந்து போன விஷயம் இது.

மயானத்தில் சுமார் 200 கல்லறைகள். சின்ன இடம்தான். புல் கம்பளம் மாதிரி, தாழ்வான கல் வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் பூச்செடி. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு பார்த்துக்கொள்கிறது. பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர், இந்தியர், கனேடியர், இன்னும் சில நாட்டவர். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒரே கல். 1917இல் தொடங்கும்போதே அந்த ஆணைக்குழு வைத்துக்கொண்ட கொள்கை அது: பதவி, இனம், மதம் பார்க்கக்கூடாது.

கரிசன் மயானத்திலிருந்து அதே காலையில் இங்கே வந்து நின்றால்தான் இதன் கனம் தெரியும். அங்கே பணமுள்ளவனுக்குப் பெரிய கல், இல்லாதவனுக்குச் சின்னக் கல். இங்கே ஒரு ஆபிரிக்கச் சிப்பாயும் ஒரு இங்கிலாந்து அதிகாரியும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உயரத்தில். சுற்றுலாவின் ஒழுங்கு தெரிந்து செய்ததா, தற்செயலா என்று கேட்டேன். தெரிந்துதான் செய்தேன் என்றார். இந்த ஒன்றுக்காகவே அவரை எழுந்து நின்று பாராட்டலாம்.

அந்தக் கொள்கை எல்லா இடத்திலும் நடக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். முதலாம் உலகப் போரில் இறந்த ஆபிரிக்க, ஆசியப் படையினரில் குறைந்தது 45,000 பேருக்கு மற்றவர்களுக்குச் சமமான நினைவு வைக்கப்படவில்லை என்றும், பெயரே பதியப்படாமல் விடுபட்டவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு என்றும் அந்த ஆணைக்குழுவே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. ஒரு நிறுவனம் நூறு வருடம் கழித்தாவது தன் ஏட்டைத் திறந்து பார்க்கிறது என்றால் நம் தோட்ட நிர்வாகங்களின் ஏடுகளை யார் திறப்பது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

இந்தியர்களின் கற்களை மட்டும் தம்பி கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டார். நானும் அண்ணன் மகளும் பின்தங்கி ஒவ்வொன்றாக வாசித்தோம். பெயர், படைப்பிரிவு, இறந்த நாள். அண்ணன் மகள் ஒவ்வொரு பெயரையும் சத்தமாக வாசித்தாள். நான் கேட்காமலே செய்தாள்.

நெதர்லாந்துக்காரர்கள் இங்கேதான் வாய் திறந்தார்கள். அவர்கள் லிம்பர்க் மாகாணத்தில், மார்கிராட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். அங்கே அமெரிக்கப் படையினரின் மயானம் ஒன்றில் 8,000க்கும் அதிகமான கல்லறைகள். 1945இலிருந்தே அந்த வட்டார மக்கள் கல்லறைகளைத் தத்தெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு கல். பூ கொண்டுபோவார்கள், அமெரிக்காவில் இருக்கும் குடும்பத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். தாய்தகப்பன் போனால் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். எல்லாக் கல்லும் தத்துப் போய்விட்டதால் புதிதாகக் கேட்பவர்கள் காத்திருக்க வேண்டும். மே 4ஆம் திகதி இரவு எட்டு மணிக்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் எல்லாம் நிற்குமாம், வாகனம்கூட. அந்த அம்மா தன்னுடைய தகப்பனார் தத்தெடுத்த கல்லை இப்போது தான் பார்க்கிறேன் என்றார். பார்த்தே இராத ஒரு ஆளுக்கு, இரண்டு தலைமுறையாக.

எனக்கு உடனே முல்லோயா கோவிந்தன்தான் நினைவுக்கு வந்தார். 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பொலிஸ் சுட்டதில் செத்தவர். உலகப் போர் தொடங்கி நாலு மாதம். கண்டியிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். இந்தச் சுற்றுலாவின் தலைப்பு "போர் நினைவிடங்கள்" என்பதால் அது இதற்குள் வராது என்று யாராவது சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. யுத்த காலத்தில் இந்த மலையில் யார் செத்தார்கள், யாரை நினைக்கிறோம் என்பதுதானே முழுக் கதையும். அதையும் சொன்னேன், அதுவும் கொப்பிக்குப் போனது.

கடைசி நிறுத்தம் பேராதனைப் பூங்கா. எல்லோரும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போன இடம்தான், 147 ஏக்கர். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தம்பி பூவைக் காட்டவில்லை, நட்ட மரங்களைக் காட்டினார். 1901இல் பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் நட்ட நாகலிங்க மரம், 1961இல் விண்வெளி வீரர் ககாரின் நட்ட மரம். கோயில்களில் நாம் கும்பிடும் நாகலிங்கப் பூ ஒரு வெள்ளைக்கார இளவரசன் நட்ட மரத்தில் பூத்துக்கிடப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்தது. மவுண்ட்பேட்டனின் தலைமையகம் இருந்தது இந்தப் பூங்காவில்தான். இந்தப் புல்வெளிகளுக்கு நடுவே இருந்துகொண்டுதான் பர்மாப் போரை நடத்தினார்கள். 1839இல் அசாமிலிருந்து வந்த தேயிலையை முதலில் நட்டதும் இங்கேதான். அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். தாளில் அந்த வரி "தேயிலை வந்தது" என்பதோடு நின்றுவிடுகிறது. இங்கேயும் அதே ஓட்டை.

ஒரு மணிக்கு முடிந்தது. மதியச் சாப்பாடு அவரவர் பாடு. கழிப்பறை உடவத்தைக் காட்டு வாசலிலும் பூங்காவிலும் பார்த்துக்கொள்ளுங்கள், இடையில் வசதி குறைவு. எசல பெரஹரா நாட்களில் வேண்டாம், மளுவையில் நிற்கக்கூட இடம் இருக்காது. வெள்ளை உடுப்பு தேவையில்லை, ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். தொப்பியும் குடையும் இரண்டுமே கொண்டுபோங்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இது நீளம். ஏ.எல் படிக்கும் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

விடைபெறும்போது தமிழில் நடத்தினால் என்ன என்று கேட்டேன். தனக்குத் தமிழ் பத்தாது, ஆறு பேராவது சேர்ந்து வந்து மொழிபெயர்க்க ஒருவர் இருந்தால் அதே விலைக்குச் செய்கிறேன் என்றார். அண்ணன் மகள் சனிக்கிழமைகளில் தான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கரிசன் மயானத்தில் நடந்து வந்தவர்களின் பாதையையும் போர் மயானத்தில் முல்லோயாவையும் சேர்த்து அவள் இப்போது ஒரு தமிழ்த் தாள் எழுதிக்கொண்டிருக்கிறாள், நான் திருத்திக் கொடுக்கிறேன். ஹற்றன், நுவரெலியா, மாத்தளைப் பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர்மார் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவதென்றால் மழை குறைந்த பெப்ரவரி, மார்ச்சில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வையுங்கள்.